மெலனோமா: ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் விலங்கியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம். – மலர்க் குழு)



செயலாளர் போன் பண்ணி, "ஏதாவது விஞ்ஞானம் பேசுப்பா, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சுடு" என்றார். முடித்து விடுகிறேன். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. புற்றுநோய்க் கட்டியிலிருந்து வெட்டி அனுப்பும் சிறு துண்டில் மரபணுவைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுகிறவன். இன்று பேசப் போவது மெலனோமா என்கிற தோல் புற்றுநோயைப் பற்றி. "அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதியாச்சே, நமக்கெதுக்கு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

நம் செட்டில் கபடி ஆடிய நண்பனை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பெயர் சொல்ல வேண்டாம். 2007 சந்திப்பில் இதே மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். வலது கால் கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு பட்டை. "என்னடா இது?" என்றேன். "கல் இடிச்சுதுடா, விடு" என்றான். நானும் விட்டுவிட்டேன். மரபணு படித்தவன் விட்டுவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் நகச்சுத்தி என்று சொல்லிக் களிம்பு போட்டார்கள். ஓர் இடத்தில் நகத்தையே எடுத்தார்கள். எடுத்த நகத்தையும் சதையையும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. குப்பைக்குப் போய்விட்டது. எட்டு ஒன்பது மாதம் கழித்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியபோதுதான் ஊசி வைத்து எடுத்துப் பார்த்தார்கள். மெலனோமா. அதற்குள் நுரையீரலுக்கும் போயிருந்தது. 2009-இல் அவன் போய்விட்டான்.

2012-இல் அவன் மனைவி பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தார். மெலனோமாவுக்குப் புது மருந்து வந்திருப்பதாக அதில் செய்தி. "அண்ணா, இன்னும் ரெண்டு வருஷம் இவர் தாங்கியிருந்தா இந்த மருந்து இவரைக் காப்பாத்தியிருக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தத் தங்கச்சிக்கு நான் பாக்கி வைத்திருக்கும் பதில் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மச்சமும் மரபணுவும்

நம் தோலில் மெலனின் என்ற கறுப்பு நிறமியைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. அவை கட்டுப்பாடில்லாமல் பெருகினால் மெலனோமா. வெள்ளைத் தோல்காரர்களுக்கு இதில் வெயிலின் பங்கு பெரிது. அதனால்தான் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்த நோய் மிக அதிகம். நம்மைப் போன்றவர்களுக்கு மொத்தத்தில் அபூர்வம். ஆனால் வரும்போது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில், சில சமயம் வாய், மூக்கு, ஆசனவாய் இவற்றின் உள்தோலில். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இப்படித்தான். 1977-இல் கால்விரல் நகத்துக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். 1981-இல் தமது 36-ஆவது வயதில் இறந்து போனார்.

இனி மரபணு. இரண்டாம் ஆண்டில் சடுதி மாற்றம் என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்தில் எழுதிய நீளமான புத்தகம். அதில் எழுத்து மாறினால் புரதம் மாறும். 2002-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள சாங்கர் நிலையத்தில் ஒரு குழுவினர் புற்றுநோய்ச் செல்களை ஒவ்வொரு மரபணுவாகத் தேடிக்கொண்டு போனபோது, மெலனோமாவில் திரும்பத் திரும்ப ஒரே பிழையைக் கண்டார்கள். ஏழாவது குரோமோசோமில் உள்ள பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, டி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் 766 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 600-ஆவது இடத்தில் வேலின் போய் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்காருகிறது. முதலில் 599-ஆவது இடம் என்று எழுதினார்கள். பிறகு எண்ணிக்கையைத் திருத்தி 600 என்றார்கள். தேர்வில் ஒரு மார்க் போனால் அழும் மாணவர்கள் இதை மனசில் வைத்துக் கொள்ளலாம்.

இந்த ஒரு மாற்றத்தால் என்ன நடக்கிறது? வாசலில் காலிங் பெல் இருக்கிறது. யாராவது அழுத்தினால் அடிக்கும், விரலை எடுத்தால் நிற்கும். பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டால்? ஆளே இல்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பி-ராஃப் என்பது "பெருகு" என்று செல்லுக்குச் செய்தி சொல்லும் சங்கிலியில் ஒரு கண்ணி. அதற்கு மேலே ராஸ், கீழே மெக், அதற்கும் கீழே எர்க். நடுவில் இருக்கும் பி-ராஃப் மாட்டிக்கொண்டால் கீழே உள்ளதெல்லாம் ஓயாமல் ஓடும்.

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். நம் உடம்பில் இருக்கும் சாதாரண மச்சங்களிலும் இதே மாற்றம் ஏராளமாக இருக்கிறது! 2003-லேயே இதைக் கண்டுபிடித்தார்கள். மச்சம் கொஞ்சம் வளர்ந்து தானாகவே நின்று விடுகிறது. ஆயுசு முழுக்கச் சும்மா இருக்கிறது. புற்றுநோயாக வேண்டுமானால் வேறு பல காவல்களும் விழ வேண்டும். மச்ச பலன் பார்க்கிற ஊர் நம்முடையது. மரபணு ரிப்போர்ட்டையும் மச்ச பலன் மாதிரி படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "மியூட்டேஷன் இருக்கு, முடிஞ்சுது" என்பார்கள். இல்லை "மியூட்டேஷன் இல்லை, மருந்தும் இல்லை" என்பார்கள். இரண்டும் தப்பு. அது ஏன் தப்பு என்பதுதான் மீதிப் பேச்சு.

எழுத்தைத் தெரிந்து கொண்டதால் வந்த மருந்து

நம் நண்பனுக்கு 2008-இல் கொடுத்தது டகார்பசின். அமெரிக்காவில் 1975-இல் அனுமதி பெற்ற மருந்து. முப்பது வருஷத்துக்கு மேல் பரவிய மெலனோமாவுக்கு அதைத் தாண்டி ஒன்றும் பெரிதாக வரவில்லை. பரவிய நிலையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருஷத்தைத் தாண்டவில்லை.

2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெமுராஃபெனிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மாட்டிக்கொண்ட அந்த பி-ராஃப் பட்டனை மட்டும் குறிபார்த்து அடக்குவது அதன் வேலை. பி-ராஃப் மாற்றம் உள்ள 675 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு இதையும் மறு பாதிக்கு டகார்பசினையும் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது இதில் நூற்றுக்கு 48 பேருக்கு, பழைய மருந்தில் 5 பேருக்கு. ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் இதில் 84 சதவீதம், அதில் 64 சதவீதம்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆறேழு மாதத்துக்குள் கட்டி மறுபடி தலைதூக்கியது. முன்வாசலை அடைத்தால் திருடன் கொல்லைப்புறமாக வருவான் இல்லீங்களா, அது மாதிரி. சங்கிலியில் கீழே இருக்கும் மெக்கையும் சேர்த்து அடைக்கலாம் என்று டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க 2014-இல் அனுமதி வந்தது. இரண்டு பெரிய ஆய்வுகளில் இந்த ஜோடியைச் சாப்பிட்ட 563 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து 34 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒரே மாற்றம், ஒரே மருந்து, ஆனால் முடிவு ஆளுக்கு ஆள் வேறு. கட்டி முழுவதுமாக மறைந்தவர்களில் ஐந்து வருஷத்தில் 71 சதவீதம் பேர் இருந்தார்கள். சிகிச்சை தொடங்கும்போது எல்.டி.எச். என்ற ரத்தப் பரிசோதனை சாதாரணமாக இருந்தவர்களும், குறைந்த உறுப்புகளில் மட்டும் பரவியிருந்தவர்களும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆக மாற்றம் மட்டும் முடிவைச் சொல்லாது. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் சொல்லும்.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். "பரிசோதனை எதுக்கு, மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போமே" என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. பி-ராஃப் மாற்றம் இல்லாத செல்லில், முக்கியமாக ராஸ் மாறியிருக்கும் செல்லில், இந்த வெமுராஃபெனிப் வகை மாத்திரை அதே சங்கிலியை அடக்குவதற்குப் பதிலாக முடுக்கிவிடும். 2010-இல் இதை நிரூபித்தார்கள். நல்லது செய்யப் போய்க் கெடுதல் ஆகிவிடும். என் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கனம் இருப்பது இதனால்தான்.

பிரேக்கை விடுவித்த மருந்து

இன்னொரு பாதை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. டி செல்கள் என்ற காவல்காரர்களுக்கு இயற்கையே பிரேக் வைத்திருக்கிறது, சொந்த உடம்பையே அடித்து விடக்கூடாதே என்று. புற்றுநோய் அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒளிந்து கொள்ளும். பிரேக்கை எடுத்துவிட்டால் காவல்காரன் வேலை செய்வான். இதற்கு வழிகாட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011 மார்ச்சில் இபிலிமுமாப், 2014-இல் பெம்பிரோலிசுமாப், நிவோலுமாப் என்று மருந்துகள் வந்தன. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. அறுவை, கதிர்வீச்சு, கூடவே பெம்பிரோலிசுமாப். அந்த வருஷக் கடைசியிலேயே நோய் தெரியவில்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பரில் நூறு வயதில்தான் காலமானார். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் 2008-இல் யாருக்குமே இதை நினைத்துப் பார்க்க முடியாது.

945 நோயாளிகள் கொண்ட ஓர் ஆய்வின் பத்து வருஷக் கணக்கு 2024-இல் வெளிவந்தது. நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் பத்தாவது வருஷம் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37, இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19. முக்கியம் என்னவென்றால், இது பி-ராஃப் மாற்றம் உள்ளவர்களுக்கும் பலித்தது, இல்லாதவர்களுக்கும் பலித்தது. சும்மாவும் வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடல், கல்லீரல், சுரப்பிகள் என்று கடுமையான பக்க விளைவுகள் வந்தன.

அப்படியானால் பி-ராஃப் மாற்றம் உள்ளவருக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது. எதை முதலில் தட்டுவது? மாத்திரையில் கட்டி சீக்கிரம் சுருங்குகிறது, எனவே மாத்திரைதான் முதலில் என்றுதான் பலர் நினைத்தார்கள். 265 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. எதிர்ப்புச் சக்தி மருந்தில் தொடங்கி, நோய் வளர்ந்தால் மாத்திரைக்கு மாறியவர்களில் இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 72 சதவீதம் பேர் இருந்தார்கள். தலைகீழாகத் தொடங்கியவர்களில் சுமார் 52 சதவீதம். மருந்துகள் அதே நான்குதான். வரிசை மட்டும் வேறு. இருபது சதவீத உயிர்! நோய் வேகமாகப் பரவி உடனே அடக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு மாத்திரையே முதலில் தேவைப்படலாம். அதை நோயாளியைப் பார்க்கும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பி-ராஃப் இல்லாதவர்கள்

2015-இல் 331 நோயாளிகளின் தோல் மெலனோமாக் கட்டிகளை ஆராய்ந்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பி-ராஃப் மாறியவை ஏறத்தாழப் பாதி. ராஸ் மாறியவை கால் பங்குக்குச் சற்று மேல். என்.எஃப்-1 மாறியவை நூற்றுக்கு 14. இந்த மூன்றும் மாறாதவை மீதி. ராஸ் வகையில் என்-ராஸ் மாறியவர்களுக்கு பினிமெடினிப் என்ற மெக் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. நோய் வளராமல் நின்ற காலம் ஒரு மாதம் சொச்சம்தான் கூடியது. ஆயுள் கூடவில்லை. இவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி மருந்துதான் முக்கியமான வழி.

நமக்கு வருகிற கால், கை, உள்தோல் வகையில் கதை வேறு. அங்கே பி-ராஃப் மாற்றம் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அவர்களில் சிலருக்கு இமாடினிப் பலன் தருகிறது. ஆமாம், 2013-இல் நம் உச்ச நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கில் அடிபட்டதே, ரத்தப் புற்றுநோய் மருந்து, அதேதான். வெயிலால் வரும் கட்டியில் எழுத்துப் பிழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் அது காவல்காரனுக்கு அந்நியமாகத் தெரியும். காலில் வருவதில் அவ்வளவு பிழைகள் இல்லை. அதனால் எதிர்ப்புச் சக்தி மருந்தும் வெள்ளைக்காரர் தோலில் பலிக்கிற அளவுக்கு இதில் பலிப்பதில்லை. பலிக்கவே பலிக்காது என்றில்லை. குறைவு.

விலையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இந்த மருந்துகள் நம் நடுத்தரக் குடும்பங்களைக் கடனாளி ஆக்கக் கூடியவை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வாய், தொண்டைப் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். அது மெலனோமா இல்லை, அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியாது. ஆனால் நம் நாட்டுக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

தங்கச்சிக்குப் பதில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "காப்பாத்தியிருக்குமா?"

பி-ராஃப் மாற்றம் இருந்திருந்தால் அந்த மாத்திரை சில மாதங்கள், சிலருக்குக் கிடைத்தது போலச் சில வருஷங்கள் கொடுத்திருக்கலாம். கிட் மாற்றம் இருந்திருந்தால் வேறு மாத்திரை. இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் பேப்பரில் வந்த மருந்து அவனுக்கு உதவியே இருக்காது, கெடுத்தும் இருக்கலாம். இவற்றில் எது அவன் கதை? சொல்ல வழியில்லை. பரிசோதிக்கத் துண்டு இல்லை. நகத்தோடு எடுத்த சதை குப்பைக்குப் போயிற்று. ஊசியில் எடுத்த நாலு செல் கண்ணாடித் தகட்டோடு சரி. தங்கச்சி, என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை, அந்தக் குப்பைத் தொட்டிதான்.

ஆகவே மூன்றே மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, உடம்பிலிருந்து எதை வெட்டி எடுத்தாலும் "பரிசோதனைக்கு அனுப்புங்க சார்" என்று கேளுங்கள். மெழுகில் பதித்து வைக்கும் அந்தத் துண்டு பத்திரமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை.

இரண்டு, மெலனோமா பரவியிருக்கிறது என்றால் பி-ராஃப் பரிசோதனை கட்டாயம். கால், கை, உள்தோலில் வந்தது என்றால் கிட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் "மாற்றம் இல்லை" என்று வந்தால் வழி அடைபட்டது என்று அர்த்தமில்லை. ஒரு கதவு இல்லை, அவ்வளவுதான்.

மூன்று, இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. இவ்வளவு நேரம் நான் சொன்ன மருந்துக் கணக்கெல்லாம் பரவிய பிறகு நடக்கும் போராட்டம். ஒரு மில்லிமீட்டர் தடிப்பைத் தாண்டுமுன் வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக் கொள்கிறார்கள். மரபணு ரிப்போர்ட்டே தேவைப்படாது. கல் இடித்த ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னுக்கு நகர்ந்து போய்விடும். நகராமல் அங்கேயே நிற்கிற, அகலமாகிற கறுப்புப் பட்டையும், நகத்தை விட்டுப் பக்கத்துத் தோலுக்குப் பரவுகிற கறுப்பும் வேறு. உள்ளங்காலில் வடிவம் மாறுகிற, ஆறாத, ரத்தம் கசிகிற கறுப்புப் புள்ளியும் அப்படித்தான். கால் ஆணி என்று பிளேடால் சீவாதீர்கள். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் மறுபடி அதே மரத்தடியில் உட்காரப் போகிறோம். செருப்பைக் கழற்றி விட்டு உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவன் காலைப் பாருங்கள். கறுப்பாக ஏதாவது தெரிந்து, "கல் இடிச்சுதுடா, விடு" என்று அவன் சொன்னால், விட்டுவிடாதீர்கள்.